வசவு வாங்கும் வேலை

கர்நாடகத்துப் பைரகட்டே கிராமத்தில் தண்ணீர் திறந்துவிடும் வேலை கெஞ்சப்பாவுக்குக் கிடைத்தபோது அவருக்கு முப்பத்திரண்டு வயது. அந்த வேலையில் பாதி வால்வைத் திருகுவது, மீதி திட்டு வாங்குவது என்று அப்போது அவரிடம் யாரும் சொல்லவில்லை.

வேலை கொடுத்தவர் ரங்கதாம கௌடர். அந்த வருஷம் துமகூரு பக்கமே காய்ந்து கிடந்தது. அப்போதிருந்த பஞ்சாயத்துத் தலைவர் வீட்டை விட்டு வெளியே வரவில்லை. கௌடர் வெறும் தென்னந்தோப்புக்காரர்தான். தோப்பில் தன் கைக்காசைப் போட்டு போர் இறக்கினார். தண்ணீர் வந்ததும் மரங்களுக்குப் பாய்ச்சாமல் ஊருக்குக் குழாய் இழுத்தார். நாற்பது தென்னைகள் மொட்டையாகிச் செத்தன. குழாய்க்குப் பள்ளம் வெட்டியவர்களில் கெஞ்சப்பாவும் ஒருவர். பிற்பாடு என்னென்னவோ நடந்தபோதும் அந்த நாற்பது மரங்களை அவரால் மறக்க முடியவில்லை. அடுத்த தேர்தலில் கௌடரை எதிர்க்க ஆள் கிடைக்கவில்லை. கெஞ்சப்பா பஞ்சாயத்தின் வாட்டர்மேன் ஆனார். நிரந்தர வேலை இல்லை. "பொறுடா, பண்ணித் தரேன்" என்றார் கௌடர்.

ஆறு வருஷம் கழித்து, கீழ்த்தெரு உறுப்பினர் ஒருவர் கூட்டத்தில் எழுந்து சாலை வேலையைப் பற்றிக் கேள்வி கேட்டார். கௌடர் சிரித்துக்கொண்டே பதில் சொன்னார். சாயங்காலம் டீக்கடையில் கெஞ்சப்பாவைப் பார்த்தார்.

"கீழ்த்தெரு வால்வு தேஞ்சு போச்சுன்னு சொன்னியே, கெஞ்சா?"

"நான் சொல்லலியே கௌடரே. அது நல்லாத்தானே இருக்கு."

"தேஞ்சிருக்கும்டா. நல்லாப் பாரு."

அவர் டீயைக் குடித்துவிட்டுப் போய்விட்டார். கெஞ்சப்பாவுக்குப் புரிய ஒரு ராத்திரி பிடித்தது. மூன்று நாளைக்கு ஒருமுறை வந்த தண்ணீர், கீழ்த்தெருவுக்கு மட்டும் ஆறு நாளைக்கு ஒருமுறை வந்தது. இரண்டு வாரம் பார்த்துவிட்டு, அந்தத் தெருக்காரர்கள் தங்கள் உறுப்பினரை விட்டுவிட்டு நேரே கௌடர் வாசலுக்குப் போனார்கள். கௌடர் கெஞ்சப்பாவை வரவழைத்தார். அத்தனை பேர் நடுவில் கத்தினார்.

"நீயெல்லாம் மனுஷனாடா? புள்ளகுட்டி வச்சிருக்கிற வீடுடா இதெல்லாம்! இன்னும் அரை மணி நேரத்துல தண்ணி வரல, உன் தோலை உரிச்சிருவேன்!"

அரை மணி நேரத்தில் தண்ணீர் வந்தது. "என்ன இருந்தாலும் கௌடர் கௌடர்தான்" என்று சொல்லிக்கொண்டே ஜனங்கள் குடம் பிடித்தார்கள். அந்த உறுப்பினர் அதற்குப் பிறகு கேள்வி கேட்கவில்லை.

இப்படியே பதினாறு வருஷம். தலைவர் பதவி பெண்களுக்கு ஒதுக்கப்பட்டபோது கௌடரின் மனைவி நாற்காலியில் உட்கார்ந்தார். தாழ்த்தப்பட்டோருக்கு ஒதுக்கியபோது கௌடரின் தோப்பில் காய் பறிக்கும் ஹனுமய்யா உட்கார்ந்தார். யார் உட்கார்ந்தாலும், தலை தூக்குகிற தெருவின் வால்வு தேயும். கெஞ்சப்பா திட்டு வாங்குவார். தண்ணீர் வரும். சில சமயம் திட்டி முடித்த பிறகு வீட்டுக்கு ஒரு குலை இளநீர் வரும். அவர் மனைவி லக்கம்மா அதைத் தொடமாட்டாள். "குடிச்சா தொண்டையில நிக்கும்" என்பாள். கெஞ்சப்பா குடித்துவிடுவார். உச்சிவெயிலில் ஏழு மைல் குழாயோடு நடந்து வருகிறவருக்கு ரோஷம் பார்க்கத் தெம்பு இருப்பதில்லை.

பிறகு புட்டதாயம்மா வந்தாள். மேல்தெருவில் தையல் மெஷின் வைத்திருந்தவள். கணவன் இல்லை. பயமுறுத்திப் பார்க்கலாம் என்றால் அவளிடம் பிடுங்குவதற்கு எதுவும் இல்லை. கௌடர் நிறுத்திய ஆளை முப்பது ஓட்டில் தோற்கடித்து உறுப்பினரானாள். கௌடர் அப்போது மறுபடி தலைவர். கூட்டத்துக்குக் கூட்டம் கேள்வி கேட்டாள். மேல்தெரு வால்வு தேய்ந்தது.

இந்தமுறை ஜனங்கள் பதினெட்டு நாள் தாக்குப்பிடித்தார்கள். மே மாதம். கடைசியில் அவர்களும் கௌடர் வாசலுக்கு வந்தார்கள். கெஞ்சப்பாவுக்கு ஆள் போனது. அவருக்கு மூன்று நாளாகக் காய்ச்சல். ஈரத் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு வந்து நின்றார். கூட்டத்திலிருந்து ஒருத்தி வெறுங்குடத்தை அவர் காலடியில் உருட்டிவிட்டாள்.

"எம்மவ புள்ள பெத்துப் படுத்திருக்கா. துணி அலசத் தண்ணி இல்ல. உங்க வீட்லயும் பொம்பளைங்க இருக்காங்களா இல்லியா?"

கௌடர் வழக்கம்போல ஆரம்பித்தார். "நீயெல்லாம் மனுஷனாடா..."

"நீங்கதானே கௌடரே மூடச் சொன்னீங்க" என்றார் கெஞ்சப்பா.

அவர் சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. அடுத்த சில நாளில் எத்தனையோ பேர் அதைத் தைரியம் என்றார்கள். அவருக்கல்லவா தெரியும், அது அலுப்பு. அன்றைக்கு அந்த வசவு முழுவதையும் நின்று கேட்க அவர் காலில் பலம் இல்லை. அதை நிறுத்த வேறு வழி தெரியவில்லை.

கௌடர் ஒரு கணம்தான் தடுமாறினார். "காய்ச்சல்ல பினாத்துறான். யாராவது இவனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்கப்பா" என்றார். ஆனால் சொன்ன சொல் ஊரைச் சுற்றிவிட்டது. கீழ்த்தெருவில் பழைய கணக்கெல்லாம் போட்டுப் பார்த்தார்கள். அதுவரை ஆறு பேரை வைத்திருந்த புட்டதாயம்மாவிடம் பத்து கையெழுத்து சேர்ந்தது. மொத்தம் பதினைந்து உறுப்பினர்கள். தலைவரை இறக்கப் பத்து போதும். நம்பிக்கையில்லாத் தீர்மானத்துக்கு அதிகாரி பதினைந்து நாள் தள்ளித் தேதி குறித்தார்.

அந்தப் பதினைந்து நாளும் கௌடர் யாரையும் மிரட்டவில்லை. எல்லாத் தெருவுக்கும் தினமும் தண்ணீர் விடச் சொன்னார். புட்டதாயம்மா பக்கத்திலிருந்து இரண்டு உறுப்பினர்கள் மட்டும் கடற்கரைக்குச் சுற்றுலா போனார்கள். ஓட்டெடுப்பு அன்று காலை, மூக்கு கறுத்து, புதுச் சட்டையோடு கௌடரின் காரில் வந்து இறங்கினார்கள். ஆதரவு எட்டு, எதிர்ப்பு ஏழு; பத்து சேரவில்லை. தீர்மானம் விழுந்தது.

வேலை போய்விட்டது என்றே கெஞ்சப்பா இருந்தார். மறுநாள் மத்தியானம் கௌடர் தனியாக அவர் வீட்டுக்கு நடந்து வந்தார். செருப்பை வெளியே விட்டுத் தரையில் உட்கார்ந்தார்.

"லக்கம்மா, முத்தே இருக்கா?"

லக்கம்மா கேழ்வரகுக் களி உருண்டையும் கீரைச் சாறும் வைத்தாள். கௌடர் சாப்பிட்டு முடித்து, பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தார். கெஞ்சப்பாவுக்கு நிரந்தர வேலை. ஆபீஸ் அட்டெண்டர். இனி வெயிலில் நடக்க வேண்டாம்.

"கோபமில்லியா கௌடரே?"

"உன்மேல என்னடா கோபம்? நீ என் வீட்டுப் பிள்ளை மாதிரி."

இருபத்திரண்டு வருஷம் கேட்ட காகிதம். மகள் கல்யாணம் பாக்கி இருந்தது. மூட்டு வலி வேறு. கெஞ்சப்பா இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். வாங்கும்போதே எதையோ விட்டுக்கொடுக்கிறோம் என்று தோன்றியது. அது என்னவென்று அப்போது பிடிபடவில்லை.

ஒரு வாரத்தில் பிடிபட்டது. கௌடர் எதுவும் சொல்லவில்லை. சொல்லவேண்டிய அவசியமே இருக்கவில்லை. டீக்கடையில் கெஞ்சப்பாவின் காதுபடவே பேசினார்கள். "பாத்தியா, ஆர்டர் வாங்கத்தான் அன்னிக்கு அந்த நாடகம்!" "நல்ல ஆளுப்பா கெஞ்சண்ணன், ஒரே வார்த்தையில வேலையை முடிச்சிட்டாரு!" குடத்தை உருட்டிவிட்டவள் எதிரே வந்தபோது முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவர் சொன்னது பொய்யாகிப் போனது. கௌடர்மேல் விழுந்த கறையும் அதோடு கழுவிக்கொண்டு போய்விட்டது.

ஒருநாள் புட்டதாயம்மா ஏதோ மனுவோடு ஆபீசுக்கு வந்தாள். வராந்தாவில் யாரும் இல்லை.

"நான் இதை வாங்கியிருக்கக் கூடாதோ அக்கா?" என்று கேட்டார் கெஞ்சப்பா.

"நீ சொன்னது நெசம்னு எனக்குத் தெரியும் கெஞ்சண்ணா. தெருவுல சொல்லிப் பாத்தேன், யாரும் நம்பல. வாங்கலேன்னா மட்டும் உன் வீட்டு அடுப்பை நானா எரிச்சிருப்பேன்? விடு." மனுவை நீட்டினாள். "இதை உள்ளே குடுத்துட்டு, வாங்கிக்கிட்டதா ஒரு சீல் போட்டுக் குடு."

கெஞ்சப்பா சீல் போட்டுக் கொடுத்தார். அவள் போன பிறகு மனுவைக் கௌடரின் மேஜையில் கொண்டுபோய் வைத்தார்.