அப்பாத்துரை மேஸ்திரியின் முறை

அம்பாசமுத்திரம் ரோட்டில் இருந்த அந்த நூல் மில் சின்னது. பெரிய மில்லில் இடம் கிடைக்காதவர்கள் வந்து சேருகிற இடம் என்று ஊரில் சொல்வார்கள். ஆனாலும் சங்கு மட்டும் பெரிதாகத்தான் ஊதும். காலைச் சங்குக்கு முன்னாலேயே கேட்டுக்கு வெளியே, காம்பவுண்டுச் சுவரை ஒட்டி, ஏழெட்டுப் பேர் தூக்குச்சட்டியோடு நின்றுகொண்டிருப்பார்கள். அவர்கள் பதிலிகள். உள்ளே நிரந்தர வேலையில் இருக்கிற ஒருவன் வராவிட்டால், அன்றைக்கு மட்டும் அவன் இடத்தில் நின்று வேலை பார்க்கிறவர்கள். யாரும் லீவு போடவில்லை என்றால், கட்டிக்கொண்டு வந்த சோற்றை வீட்டுக்குத் திரும்பக் கொண்டுபோக வேண்டியதுதான்.

யார் உள்ளே போவது, யார் வீட்டுக்குப் போவது என்று சொல்கிறவர் அப்பாத்துரை மேஸ்திரி. ரிங் பிரேம் என்கிற நூற்பு எந்திரங்கள் இருக்கிற பகுதியில் நூல் ஓடுவதெல்லாம் அவர் பொறுப்பு. வீட்டில் பாபநாசம் உலகம்மை படத்துக்கு முன்னால் திருநீறு பூசும்போதே, "உலகம்மா, இன்னைக்கு எவன் வயித்திலயும் நான் அடிச்சுரக் கூடாது" என்று சொல்லிக்கொண்டுதான் சைக்கிளை எடுப்பார். அவருக்கு முன்னால் இருந்த மேஸ்திரி அப்படி இல்லை. தீபாவளிக்கு வேட்டி, பொங்கலுக்கு வாழைத்தார் என்று எவன் கொண்டுபோய்க் கொடுத்தானோ அவனுக்குத்தான் வேலை. அப்பாத்துரை வந்த முதல் நாளே அதை நிறுத்திவிட்டார். முறை வைத்தார். இன்றைக்கு உள்ளே போனவன் நாளைக்கு வரிசையின் கடைசியில் நிற்க வேண்டும். மாமன் மச்சான் பார்ப்பது கிடையாது.

இந்த முறையை அவர் வேறு எங்கும் படித்துவிட்டு வரவில்லை. அவருடைய அப்பா கன்னடியன் கால்வாயில் தண்ணீர் பாய்ச்சுகிற வேலை பார்த்தவர். ஆற்றில் தண்ணீர் குறைந்த வருடம் வயலுக்கு வயல் முறை வைத்துத் திறந்துவிடுவார். பத்துக் கோட்டை விதைப்பாட்டுக்காரனுக்கும் சரி, ரெண்டு மரக்கால் விதைப்பாட்டுக்காரனுக்கும் சரி, முறை வந்தால்தான் தண்ணீர். ஒரு வயல்கூடக் கருகியது கிடையாது. அதையேதான் மகன் மில் கேட்டில் செய்தார்.

தொண்ணூற்று மூன்றாம் வருடம் ஆனித் தேரோட்டத்தன்று உள்ளே நிறையப் பேர் லீவு. சுவரோரம் நின்றவர்கள் முகத்தில் கொஞ்சம் வெளிச்சம் இருந்தது. காஜா முகைதீன்தான் முதலில் வாயைத் திறந்தான்.

"அண்ணாச்சி, நெல்லையப்பர் புண்ணியத்துல எனக்கும் ஒரு பிரேம் கிடைக்குமா?"

"கிடைக்கும். பைய வா. முதல்ல சங்கரசுப்பிரமணியன் போகட்டும்."

"உங்க சாமிக்குத் தேர் ஓடுனா எனக்கு வேலை. எங்க பெருநாளுக்கு நான் லீவு போட்டா மட்டும் யாருக்கும் வேலை கிடைக்க மாட்டேங்கு. பதிலிக்குப் பதிலி உண்டுமாவே?"

சுவரோரம் சிரித்தார்கள். சங்கரசுப்பிரமணியன் சிரிக்க ஆரம்பித்து இருமலில் போய் முடித்தான். அந்தக் கூட்டத்திலேயே பழைய ஆள் அவன்தான். பதிலியாகவே பத்து வருடத்துக்கு மேல் நின்றுவிட்டான். பஞ்சுத்தூசி நெஞ்சில் இறங்கியிருந்தது. அவனுக்குப் பக்கத்தில் நின்ற இன்பமணி சாத்தான்குளத்துப் பக்கத்துக்காரன். அதிகம் பேச மாட்டான். பிரேமில் நூல் அறுந்தால் அவன் விரல் போய் ஒட்டிவிட்டு வருவது கண்ணுக்குத் தெரியாது. அத்தனை சுத்தமான வேலை.

அந்த வாரமே ஆபீசில் இருந்து மேஸ்திரிக்கு ஆள் வந்தது. பணியாளர் அதிகாரி குமரகுருபரன் கூப்பிடுகிறார் என்றார்கள். பாளையங்கோட்டைக்காரர், வயதில் சின்னவர். அதிகாரியாக இருந்தாலும் மேஸ்திரி உட்காராமல் அவர் உட்கார மாட்டார்.

"மேஸ்திரி, மூணு பேர் ரிட்டயர் ஆகுதாங்க. மூணு நிரந்தர இடம் வருது."

அப்பாத்துரைக்கு மனசு குளிர்ந்துவிட்டது. இத்தனை வருடம் சுவரோரம் நின்றவர்களுக்கு உலகம்மை கண் திறந்துவிட்டாள் என்றே நினைத்தார். "சங்கரசுப்பிரமணியன், இன்பமணி, காஜா. மூணு பேரும் நல்ல பையமாரு சார்" என்றார்.

குமரகுருபரன் மேஜையில் இருந்த வருகைப் பதிவேட்டை அவர் பக்கம் திருப்பி வைத்தார்.

"அதுதான் சிக்கல். நிரந்தரம் பண்ணணும்னா ஒருத்தன் ஒரு வருஷத்துல மூணுல ரெண்டு பங்கு நாளாவது வேலை பார்த்திருக்கணும். அது மில் விதி. உங்க பதிலி ஒருத்தனுக்குக்கூட அந்த நாள் இல்லை. எல்லாருக்கும் கொஞ்சம் கொஞ்சம் இருக்கு. யாருக்கும் போதுமான அளவு இல்லை."

"எல்லாருக்கும் முறை வச்சுல்லா சார் விட்டேன்."

"தெரியும். நீங்க நேர்மையா விட்டீங்க. அதனாலதான் யாருக்கும் நாள் சேரலை."

அவர் குறை சொல்கிற குரலில் சொல்லவில்லை. மாத்திரை எழுதிக் கொடுக்கிற டாக்டர் மாதிரிதான் சொன்னார்.  வயல் வேறு, ஆள் வேறு என்று இத்தனை வருடத்தில் ஒருநாள்கூடத் தோன்றவில்லையே என்று அப்பாத்துரை நினைத்தார். வயலுக்கு அந்தந்த முறைக்கு ஈரம் போதும். இங்கே ஒருவன் பெயரில் நாள் சேர்ந்துகொண்டே போக வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

முதலாளி வெளியே இருந்து தொழிற்பள்ளியில் படித்த பையன்களை இன்டர்வியூ வைத்து எடுக்கச் சொல்லிவிட்டார். ரெண்டு இடம் அவர்களுக்குப் போய்விட்டது. மூன்றாவது இடத்தை மட்டும் அடுத்த ஆனி வரைக்கும் நிறுத்திவைக்கக் குமரகுருபரன் எப்படியோ சம்மதம் வாங்கியிருந்தார்.

"ஒருத்தனைத் தேர்ந்தெடுங்க. லீவு விழுந்தா முதல்ல அவனைத்தான் உள்ளே விடணும். ஒரு வருஷத்துல நாள் சேர்ந்துரும். முடிவுல டாக்டர் சோதனையும் இருக்கும், பார்த்துக்கோங்க. அடுத்த ஆனியில நீங்களும் ரிட்டயர் ஆகுதீங்க. புதுசா வாறவர் இதைச் செய்ய மாட்டார்."

"மத்தவங்க, சார்?"

"மிச்சம் விழுந்தா மத்தவங்களுக்கு."

என்ன மிச்சம் விழும் என்று இரண்டு பேருக்குமே தெரியும்.

அன்று ராத்திரி அப்பாத்துரை சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், வாய்க்குக் கொண்டுபோகவில்லை. மனைவி அன்னத்தாய் பார்த்துவிட்டு என்ன என்று கேட்டாள். எல்லாவற்றையும் சொன்னார். கடைசியில், "உலகம்மை சன்னதியில பூக்கட்டிப் பார்த்துருவமா? மூணு பேருக்கும் மூணு நிறத்துப் பூவைப் பொட்டலமாக் கட்டி ஒண்ணை எடுப்போம். அம்மை யாருன்னு சொல்லுதாளோ, அவன்" என்றார்.

அன்னத்தாய் ரசத்தை ஊற்றினாள். "பூக்கட்டுனா அந்தச் சங்கரசுப்பிரமணியன் நாளைக்கு யாரை வையுவான், வேணி அப்பா? அம்மையைத்தானே வையுவான்?"

"அப்படிச் சொல்லல..."

"ஆளு யாருன்னு உங்களுக்குத் தெரியாமலா இருக்கு? தெரிஞ்சதைச் சொல்லப் பயந்துக்கிட்டுச் சாமி தலையில கொண்டுபோய் வைக்கிய."

அவள் சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. வேணி அவர்கள் மகள், கட்டிக்கொடுத்து தென்காசியில் இருந்தாள். மகள் கல்யாணத்துக்குப் பூக்கட்டிப் பார்த்தபோதும் அன்னத்தாய் இப்படித்தான் ஒரு வார்த்தை சொன்னாள் என்று அவருக்கு நினைவு வந்தது.

ஆனாலும் வெள்ளிக்கிழமை பாபநாசத்துக்குப் போனார். ஆற்றில் முங்கினார். ஈர வேட்டியோடு உலகம்மை முன்னால் நின்றார். மடியில் செவ்வரளியும் நந்தியாவட்டையும் துளசியும் இருந்தன. எடுத்துக் கட்டவில்லை. பூவை அப்படியே அர்ச்சகர் தட்டில் போட்டுவிட்டு, திருநீறு வாங்கிக்கொண்டு பஸ் ஏறினார். வரும் வழியெல்லாம் கண்ணை மூடிக்கொண்டே வந்தார். தூங்கவில்லை.

மறுநாள் ஷிப்ட் முடிந்து, கேட்டுக்கு எதிரே டீக்கடையில் எல்லோரையும் உட்காரவைத்தார். ஒளித்துச் செய்தால் நல்லது என்று குமரகுருபரன் சொல்லியிருந்தார். அது அவருக்கு முடியவில்லை. நடந்ததை அப்படியே சொன்னார்.

 காஜாதான் முதலில் கேட்டான்.

"பழைய மேஸ்திரிக்கு வாழைத்தார் கொடுத்தவன்லாம் இப்ப உள்ள பெர்மனென்டா இருக்கான். அப்படித்தானே அண்ணாச்சி?"

"ஆமா."

"அப்ப நீங்க கை நீட்டியிருந்தா எங்கள்ல ஒருத்தனாவது பிழைச்சிருப்பான்."

அவன் முகத்தில் சிரிப்பு இல்லை.  அப்பாத்துரைக்கு மறுக்க அதில் ஒன்றும் இல்லை.

"சரி, யாருன்னு முடிவு பண்ணிட்டியளா?" என்று கேட்டது சங்கரசுப்பிரமணியன். "அதுக்கு முன்னால நான் ஒண்ணு சொல்லிருதேன். எனக்கு வேணும். அவனுக்குக் கொடுங்க, இவனுக்குக் கொடுங்கன்னு நான் பெரிய மனுசன் மாதிரிப் பேச மாட்டேன். இந்தச் சுவர்ல என் முதுகுத் தடம் பதிஞ்சு கிடக்கு. எனக்கு வேணும்."

இன்பமணி டீ கிளாசையே பார்த்துக்கொண்டிருந்தான். தனக்கு வேண்டாம் என்று அவனும் சொல்லவில்லை.

அப்பாத்துரை அந்த ஒரு பேச்சுக்குத்தான் பஸ்ஸில் வரும்போதே பயந்திருந்தார். சங்கரசுப்பிரமணியனுக்குக் கொடுப்பதுதான் நியாயம். ஆனால் ஒரு வருடம் விடாமல் பஞ்சுத்தூசியில் நிறுத்தினால் அவன் நெஞ்சு தாங்காது. நாள் சேர்ந்தாலும் டாக்டர் தள்ளிவிடுவார். பிறகு அந்த ஒரு இடமும் வெளியாளுக்குப் போய்விடும். காஜாவின் அண்ணன் சவூதியில் இருந்தான், இன்றைக்கோ நாளைக்கோ தம்பியைக் கூப்பிட்டுவிடுவான். வேலை என்று பார்த்தால் இன்பமணிதான். இதெல்லாம் அவருக்கு முன்னாலேயே தெரியும். அன்னத்தாய் சொன்னது சரிதான்.

"சங்கரா, உன் இருமலுக்கு டாக்டர் கையெழுத்துப் போட மாட்டாரு" என்றார். "இன்பமணியை விடப்போறேன்."

"அப்ப இந்த இருமல் எங்க இருந்து வந்ததாம்?"

"மில்லுக்கு உள்ள இருந்துதான்."

"அதைச் சொல்லுங்க."

"சொல்லிட்டேன்லா."

சங்கரசுப்பிரமணியன் எழுந்து தன் டீக்குத் தானே காசு வைத்துவிட்டுப் போனான். மேஸ்திரி வாங்கிக் கொடுத்த டீ அது.

திங்கட்கிழமை காலையில் உள்ளே ஒரே ஒருவன்தான் லீவு. முறைப்படி அன்றைக்குச் சங்கரசுப்பிரமணியனுக்கு. அது சுவரோரம் நின்ற எல்லோருக்கும் தெரியும். அவன் வந்து தன் இடத்தில் நின்றான். அப்பாத்துரை கேட்டுக்கு வெளியே வந்தார். குனிந்துகொண்டு பெயரைச் சொல்லிவிட்டு உள்ளே போய்விடலாம்தான். அவர் அப்படிச் செய்யவில்லை. சங்கரசுப்பிரமணியன் முகத்தைப் பார்த்தார். பிறகு, "இன்பமணி" என்றார். இன்பமணி தூக்குச்சட்டியைத் தூக்க மறந்து இரண்டடி போய், திரும்பி வந்து எடுத்துக்கொண்டு போனான்.

அப்படித்தான் ஒரு வருடம். தினமும் ஒவ்வொரு முகமாகப் பார்த்துவிட்டு அதே பெயரைச் சொல்வார். காஜா மார்கழிக்குள் சவூதி போய்விட்டான். போகிறபோது வந்து கையைப் பிடித்துவிட்டுப் போனான். சங்கரசுப்பிரமணியன் தைப்பூசம் வரை நின்றான். ஒரு நாள் அவன் இடம் காலியாக இருந்தது. கல்லிடைக்குறிச்சியில் ஓர் அரிசி ஆலையில் மூட்டை எடை போடுகிறான் என்று பிறகு கேள்விப்பட்டார். அவன் வராத அந்த நாளில் கேட்டில் இன்பமணி பெயரை அவர் சொல்லவில்லை. வாட்ச்மேன்தான் சொன்னார்.

ஆனியில் இன்பமணிக்கு நிரந்தரம் வந்தது. டாக்டர் ஒரு குறையும் சொல்லவில்லை. அவன் மனைவி உடன்குடிக் கருப்பட்டி ஓர் ஓலைக் கொட்டான் நிறையக் கொண்டுவந்தாள். அப்பாத்துரை ஒரே ஒரு கருப்பட்டியை எடுத்துக்கொண்டு மீதியைத் திருப்பிக் கொடுத்தார். ரிட்டயரான அன்று கேட்டில் மாலை போட்டார்கள். ரோஜா மாலை. கழுத்து கனத்தது.

அடுத்த வாரம் பஸ் ஏறிக் கல்லிடைக்குறிச்சிக்குப் போனார். அரிசி ஆலை வாசலில் சங்கரசுப்பிரமணியன் ஒரு சாக்கின் மேல் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தான். இருமல் கொஞ்சம் குறைந்திருந்தது. அவரைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை. இன்னொரு சாக்கைத் தட்டிப் போட்டான்.

"மாலையெல்லாம் போட்டாங்களாமே."

"போட்டாங்க."

"அந்தப் பய நல்லா ஓட்டுதானா?"

"நல்லா ஓட்டுதான்."

"ஓட்டுவான்" என்றான். வெற்றிலையை நீட்டினான். அப்பாத்துரை வாங்கிக்கொண்டார். ஏதோ சொல்லத்தான் வந்திருந்தார். ஒரு வருடமாகச் சேர்த்துவைத்திருந்த பேச்சு அது. வாய்க்குள் வெற்றிலை இருந்தது. சங்கரசுப்பிரமணியனும் கேட்கவில்லை.

ஆலையில் மத்தியானச் சங்கு ஊதியது. இரண்டு பேரும் சட்டென்று எழுந்து நின்றுவிட்டார்கள். அது சாப்பாட்டுச் சங்கு, ஒருவருக்கும் எங்கேயும் போக வேண்டியதில்லை. கொஞ்ச நேரம் அப்படியே நின்றார்கள். பிறகு சங்கரசுப்பிரமணியன் முதலில் உட்கார்ந்தான். அப்பாத்துரை வேட்டியைச் சரிசெய்துகொண்டு பைய உட்கார்ந்தார்.