பிரிக்காத பம்ப் பெட்டி

அன்று காலை குருதி எடுக்கும் சோதனைக் குழாய்களில் ஏழாம் இலக்கத்தை ஒட்டிக்கொண்டிருந்தேன். அது தவராசா அண்ணையின் இலக்கம். ஒன்பது மணிக்கு அவர் எங்கள் ஆய்வுக்குக் குருதி கொடுக்க இருந்தார். எட்டே முக்காலுக்கு அவருடைய மனைவி தொலைபேசியில் அழைத்தார். "பிள்ளை, அவர் வரமாட்டார். விடியப்புறம் மூச்சு இழுப்பு வந்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகேக்கையே முடிஞ்சுது." கையிலிருந்த குழாயிலும் இலக்கத்தை ஒட்டி முடித்தேன். ஏன் என்று தெரியவில்லை.

முப்பத்தோராம் நாள் நினைவாக வரும் இந்த அந்தியேட்டி மலரை வாசிக்கும் இணுவில் ஆட்களுக்கு அவரை என்னைவிட நன்றாகத் தெரியும். எனக்கு அவர், நான் ஆய்வு செய்யும் பல்கலைக்கழகத்தின் ஆய்வுகூட உதவியாளர். நான் நீர்வேலியில் வாழைத் தோட்டக்காரரின் மகள், எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி, கதைக்கக் கூச்சம். முதல் நாளே அவர், "பிள்ளைக்கு வாய் இருக்கோ, இல்லாட்டி அதையும் குளிர்பெட்டிக்குள்ளை வைச்சிட்டியளோ?" என்று கேட்டார்.

அறுகம்புல்லின் மகரந்தத்தை ஒவ்வாமை உள்ளவர்களின் உடல் எப்படி எதிர்கொள்கிறது என்பதே எங்கள் ஆய்வு. மகரந்தப் புரதத்தை வெண்குருதிக் கலங்களோடு சேர்த்து வைப்போம். ஒவ்வாமை இல்லாதவர்களின் கலங்கள் அதைப் பெரிதாகக் கவனிப்பதில்லை. மற்றவர்களின் கலங்கள் அதைப் பகையென எண்ணிப் பெருகும். அயலிலுள்ள கலங்களையும் தூண்டிவிடும். அண்ணைக்கும் அந்த ஒவ்வாமையும் இழுப்பும் இருந்தன; முன்பு குருதி கொடுத்தவர்களில் அவருடைய கலங்கள்தான் எல்லோருடையதையும்விட மூர்க்கம். நுணுக்குக்காட்டியில் பார்த்துவிட்டு, "என்ரை ஆக்கள் சண்டியர்" என்றார்.

மாரி முடிய உரும்பிராய்த் தரிசுகளில் அறுகு பூத்தது. கதிர்களை அவரே பறித்துவந்தார். முகக்கவசம் போடச் சொன்னால், "புல்லு என்னைக் கண்டு பயப்பிடட்டும்" என்பார். அந்த நாட்களில் படியேறும்போது பாதியில் நின்று, யன்னலால் எதையோ பார்ப்பதுபோல் மூச்சு வாங்குவார்.

தோல் பரிசோதனைக்காக ஒவ்வாமைக் குளிசையை மட்டும் சில நாள் நிறுத்தச் சொல்லியிருந்தோம். ஆனால் இழுப்புக்கு வாயால் உள்ளிழுக்கக் கிளினிக்கில் கொடுத்த பம்ப், பெட்டியின் ஒட்டுத்தாள் கிழியாமல் அவருடைய மேசையில் கிடந்தது. அடுத்த கிழமையும் அப்படியே கிடந்தது.

"அண்ணை, பம்ப்..." என்று தொடங்கினேன்.

"மருந்து அடிச்சா என்ரை ஆக்கள் நித்திரையாப் போவினம். உங்கடை முடிவு பிழைச்சுப்போம். ரத்தம் குடுத்திட்டு எடுக்கிறன். ஒருத்தருக்கும் சொல்லாதையும்."

அது பிழை என்று எனக்குத் தெரியும். ஆய்வை நடத்தும் பேராசிரியர் பக்கத்து அறையில் இருந்தார், கதவும் திறந்திருந்தது. நான் "ஓம்" என்றேன்.

செத்தவீட்டில் அவருடைய மனைவி, அவர் பைக்குள் கிடந்த அந்தப் பெட்டியை என் கையில் வைத்தார். "உதை எடுக்க வேண்டாமெண்டு நீங்களோ சொன்னனீங்கள்?"

"இல்லை அக்கா."

"அப்ப, எடுக்கச் சொன்னனீங்களோ?"

நான் பெட்டியைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

அக்கா, பதிலை இங்கே எழுதுகிறேன். எனக்குத் தெரிந்திருந்தது. நான் சொல்லவில்லை. பேராசிரியரிடமும் இதைச் சொல்லிவிட்டேன்.

உங்கள் சம்மதத்துடன், முன்பு அவர் கொடுத்து, உறையவைத்திருந்த கடைசிக் குழாயைப் போன கிழமை எடுத்தோம். அவர் பறித்த அறுகின் மகரந்தத்தையே சேர்த்தோம். மூன்றாம் நாள் பார்த்தபோது கலங்கள் முன்னைப்போலவே பெருகியிருந்தன. காக்க வேண்டிய உடல் இல்லை. அவை இன்னும் சண்டை பிடித்துக்கொண்டிருந்தன.

உரும்பிராயில் அறுகு இன்னும் பூக்கிறது. அந்தப் பெட்டி என் மேசையில் இருக்கிறது. குருதி கொடுக்க யார் வந்தாலும், ஊசியை எடுக்கும் முன் கேட்கிறேன்: "பம்ப் எடுக்கிறனீங்களோ? எங்கை, காட்டுங்கோ." பக்கத்து அறைக்கும் கேட்கும்படியாகத்தான் கேட்கிறேன்.