கந்தம்மாள் தைத்த டாப்பு

ராசிபுரத்தில் எங்கள் நெசவுக்காரத் தெருவில் கந்தம்மாள் என்று ஒருத்தி இருந்தாள். சீமைக் காருக்குக் கித்தான் டாப்பு, அதாவது மடக்குக் கூரை, தைத்தவள். இதைச் சொன்னால் தெருவில் பாதிப் பேர் சிரிப்பார்கள். தைத்தது அவள் கொழுந்தன் சின்னராஜ் அல்லவா என்பார்கள். சிரிக்கட்டும். நான் அடுத்த வீட்டுக்காரன். தையல் மிசினை மிதித்தது யார் கால் என்று எனக்குத் தெரியும்.

அவள் புருஷன் கூண்டு வண்டிகளுக்குக் கித்தான் மூடி தைத்துக்கொண்டிருந்தான். வாந்திபேதியில் போய்விட்டான். கருமாதி முடிந்த கையோடு தம்பி சின்னராஜ் மிசினைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டான். வெள்ளைச்சேலை கட்டிய அண்ணியையும் அதன் முன்னால் உட்கார வைத்தான். அவள் தைப்பாள். அவன் எடுத்துப்போய் வண்டியில் கட்டிவிட்டுப் பேர் வாங்கி வருவான். கந்தம்மாள் கேட்டது ஒன்றே ஒன்றுதான், அந்த மிசின். அதை எடுத்துக்கொண்டு ஆத்தூரில் அம்மா வீட்டுக்குப் போய்விட்டால் யார் கையையும் எதிர்பாராமல் கஞ்சி குடிக்கலாம். "பாக்கலாம், பாக்கலாம்" என்றே அவன் காலத்தை ஓட்டினான்.

யுத்த காலம். நாமக்கல் பக்கத்துப் பண்ணைக்காரர் வெங்கடாசலத்திடம் திறந்த சீமைக் கார் ஒன்று இருந்தது. மகன் மயில்சாமியின் கல்யாண ஊர்வலம் அதில்தான் என்று முடிவு. டாப்போ நார்நாராகக் கிழிந்து கிடந்தது. கப்பலில் புதிது வருகிற நாளா அது? சின்னராஜைக் கூப்பிட்டுவிட்டார்கள். அவன் காரைச் சுற்றி வந்து எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு வீட்டுக்கு வந்தான்.

"இத மட்டும் முடிச்சுக் குடு அண்ணி. அப்பறம் மிசின நீயே எடுத்துட்டுப் போ. முருகன் மேல சத்தியம்."

பண்ணைக்கார டிரைவர் வெள்ளியங்கிரி, பழைய டாப்பை இரும்பு வளைவுகளோடு கழற்றிக் கொண்டுவந்து போட்டார். கந்தம்மாள் தையலை ஒவ்வொன்றாகப் பிரித்து, துண்டுகளைப் புதுக் கித்தான் மேல் விரித்து வெட்டினாள். வளைவுகளை வாசலில் நிறுத்தி, விரிப்பதும் மடக்குவதுமாகவே ஒரு பகல் முழுக்க இருந்தாள். வண்டிக் கூண்டு நின்றது நின்றபடி இருக்கும். மூடியை ஒவ்வொரு வளைவிலும் இறுக்கிக் கட்டுவார்கள். இது மடங்க வேண்டியது. முன்னும் பின்னும் மட்டும் ஆணி அடித்து, நடு வளைவுகளைச் சும்மா விட வேண்டும். அதைக் கொழுந்தனிடம் சொன்னாள்.

"நடு வளைவுல கட்டீராதீங்க தம்பி. கட்டுனா மடங்காது."

"எனக்கே சொல்லித் தாரியா? எத்தன வண்டி பாத்தவன் நான்!"

அவன் கைப் பழக்கம் வண்டிப் பழக்கம். பண்ணையில் போய் எல்லா வளைவிலும் கயிறு போட்டு இறுக்கிக் கட்டினான். பார்க்க விறைப்பாக, அழகாகத்தான் இருந்தது. வெங்கடாசலம் மெச்சினார்.

கல்யாணத்தன்று ஊர்வலம் புறப்படும் நேரம். பொண்ணு மாப்பிள்ளையை ஊர் பார்க்க வேண்டும், டாப்பை மடக்கு என்றார்கள். வெள்ளியங்கிரி பின்னால் தள்ளினார், அசையவில்லை. சின்னராஜ் மல்லுக்கட்டினான், கித்தான் நெறுநெறுத்தது. எந்தக் கயிற்றை விடுவது என்று அவனுக்குத் தெரியவில்லை. பழைய டாப்பைக் கொண்டுவந்த அன்றே தைப்பவள் யார் என்று பார்த்திருந்த வெள்ளியங்கிரி, யாரிடமும் சொல்லாமல் பண்ணையின் இன்னொரு காரை எடுத்துக்கொண்டு ராசிபுரத்துக்கு, கந்தம்மாளிடம் ஓட்டிவந்தார்.

"கல்யாண ஊட்டுக்கு நான் வரலாமுங்களாண்ணா?"

"காருகிட்ட மட்டும் வந்துட்டு ஓடியாந்தரலாம் சாமி."

வரக் கூடாதென்று அவளுக்குத் தெரியாதா? டாப்பு கெட்டால் மிசினும் போச்சு. போனாள்.

கூட்டத்துக்குள் குனிந்து போய் நடுக் கயிறுகளை அறுத்தாள். வளைவைப் பிடித்து மெல்லத் தள்ளினாள். டாப்பு அப்படியே மடிந்து பின்னால் போய் உட்கார்ந்தது. தான் தைத்ததை அவள் காரில் பார்த்தது அன்றுதான். அவள் முகம் மலர்ந்துவிட்டது என்று வெள்ளியங்கிரி பிறகு என்னிடம் சொன்னார்.

அந்த நேரம் பார்த்து ஆரத்தித் தட்டோடு மாப்பிள்ளையின் அம்மா முத்தாயம்மாள் வெளியே வந்தாள்.

"பொண்ணு மாப்பிள்ள ஏறுற வண்டியில வெள்ளச்சேலைய யாருடா உட்டது?"

மேளம் நின்றது. வெங்கடாசலம் சின்னராஜைப் பார்த்தார். "இவ யாருடா? டாப்ப ஆரு தச்சது?"

ஒரே ஒரு வார்த்தை போதும், அவன் சொல்லியிருக்கலாம்.

"நாந்தானுங்க தச்சேன். இவ எதுக்கு இங்க வந்தான்னே தெரியலீங்க."

கந்தம்மாள் வாயே திறக்கவில்லை. திறந்தால் அவன் சத்தியம் பண்ணிய மிசின் கை நழுவிவிடும் என்று அந்தப் பைத்தியக்காரி அப்போதும் நம்பியிருக்கிறாள். அவளை வெளியே தள்ளிவிட்டு, காரை மஞ்சள் தண்ணீர் தெளித்துக் கழுவினார்கள். பிறகு அதே காரில், அவள் மடக்கிவிட்ட டாப்போடு ஊர்வலம் போனது.

மறுநாள் மிசினைக் கேட்டாள். "என்ற மானத்த வாங்கிப்போட்டு மிசினு வேறயா?" என்றான் சின்னராஜ். அவனுடைய மானமாம்! கேட்டுக்கொண்டிருந்த எனக்கு அவன் கன்னத்தில் நாலு அறை விடலாம் போலிருந்தது. விடவில்லை. நானும் தெருவோடு சேர்ந்தவன்தான்.

அதற்குப் பிறகு சேலத்திலிருந்துகூடக் கார்க்காரர்கள் அவனைத் தேடி வந்தார்கள். வாசலில் அவன் பேர் போட்ட பலகை ஏறியது. மிசினும் கந்தம்மாளும் உள்ளறைக்குப் போனார்கள். அளவெடுக்க வருகிறவர்கள் கண்ணில் படக் கூடாதாம்.

ஐப்பசி மழை ஓய்ந்தபின் வெள்ளியங்கிரி ஒருநாள் வந்தார். நான் அங்கேதான் இருந்தேன். உள்ளறை வாசலில் நின்று சந்தோஷமாகச் சொன்னார்.

"அடைமழையிலயும் காருக்குள்ள ஒரு சொட்டு எறங்குல சாமி. பண்ணை அம்மணியே சொல்றாங்க, சின்னராசு கை ராசியான கைன்னு. மருமக வளகாப்புக்குப் பந்தல் துணிகூட அவங்கையாலதான் தைக்கோணுமாம்."

கந்தம்மாள் மிசினை நிறுத்தினாள். ஊசி ஏறிக் கறுத்த நகத்தைத் தடவிக்கொண்டாள்.

"மடங்குதுங்களாண்ணா?"

"பூவாட்டம் மடங்குது."

"அப்பச் செரிங்க," என்றாள். "ராசியான கைதானுங்க. மிசினு அந்தக் கையிலதான இருக்குது."