சிகாமட்டுக்குப் போகும் இரண்டு வழிகள்

அன்று காலை ஒன்பதரை மணிக்குள் சிகாமட்டிலிருந்து தாதி ஒருவர் மூன்று முறை அழைத்துவிட்டார். எங்கள் நிறுவனம் ஜொகூர் மாநிலத்தில் சிறுநீரக நோயாளிகளுக்கான சில இரத்தச் சுத்திகரிப்பு மையங்களை நடத்துகிறது. தெப்ராவிலுள்ள தலைமை அலுவலகத்தில் உட்கார்ந்து மையங்களின் கணினி இணைப்புகளைக் கவனிப்பது என் வேலை. அவர் சிகாமட் மையத்தின் தலைமைத் தாதி, என்னைவிடப் பத்துப் பதினைந்து வயது மூத்தவர். நேரில் இரண்டே முறைதான் பார்த்திருக்கிறேன்.

"தங்கச்சி, மறுபடியும் ஸ்கிரீன் நின்னு போச்சு. ஆத்துல தண்ணி ஏறிக்கிட்டே இருக்கு. இவங்களை சீக்கிரம் முடிச்சு அனுப்பணும்லா."

நோயாளிகளின் எடை, மருந்தளவு எல்லாம் தெப்ராவிலுள்ள கணினியில் இருந்தன. அவற்றைப் பார்க்காமல் அவர் யாரையும் இயந்திரத்தில் இணைக்க மாட்டார்.

சிகாமட்டுக்கு இரண்டு இணைப்புகள். ஒன்று ஃபைபர், வேகமானது. இன்னொன்று கைப்பேசிக் கோபுரம் வழியாக வருவது, மெதுவானது. எதை முதலில் எடுக்க வேண்டும் என்று, வழியைத் தேர்ந்தெடுக்கும் கருவியான ரூட்டருக்கு எண்ணால் சொல்ல வேண்டும். பெரிய எண் வெல்லும். ஃபைபருக்கு இருநூறு, கோபுரத்துக்கு நூறு என்று கொடுத்தவள் நான். நல்ல வழி இருக்கும்போது அதில்தானே போக வேண்டும்? அதற்குமேல் நான் யோசித்ததில்லை.

அன்று ஃபைபர் முழுதாகச் சாகவும் இல்லை, பிழைக்கவும் இல்லை. எங்கோ தண்ணீர் புகுந்து, நான்கு நிமிடம் வரும், இரண்டு நிமிடம் போகும். வந்த நொடியே ரூட்டர், நான் சொல்லிவைத்தபடி, கோபுரத்தை விட்டு அதற்குத் தாவும். தாவும்போதெல்லாம் அங்கே திரை உறையும்.

எண்ணை மாற்ற வேண்டும், அவ்வளவுதான். கைதான் வரவில்லை. சிகாமட்டிலுள்ள ரூட்டருக்குள் நான் நுழைவதும் அதே இணைப்புகள் வழியாகத்தான். தப்பாக ஒன்றைத் தட்டினால் மையம் மொத்தமும் துண்டிக்கப்படும். நேரில் போய்ச் சரிசெய்யலாம் என்றால், சிகாமட்டுக்குப் போகும் சாலையும் வெள்ளத்தால் மூடியிருந்தது. எழுந்தேன், உட்கார்ந்தேன், தண்ணீர் பாட்டிலைத் திறந்து குடிக்காமலே மூடினேன். பத்து நிமிடத்தில் நான் உறுதி செய்யாவிட்டால் பழைய அமைப்புக்கே திரும்பிவிடும்படி முதலில் ரூட்டருக்குக் கட்டளை கொடுத்தேன். பிறகு கோபுரத்துக்கு முந்நூறு என்று தட்டினேன்.

என் திரை அசையவில்லை. கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு மெல்ல உயிர் வந்தது. உறுதி செய்துவிட்டு அவரை அழைத்தேன்.

"அக்கா, இப்ப பாருங்க."

"அலாமாக், அதே கதைதான் தங்கச்சி."

மாற்றியதை மேலிருந்து கீழாக இரண்டு முறை படித்த பிறகுதான் புரிந்தது. சிகாமட்டிலிருந்து வரும் வழியை மட்டும் மாற்றியிருக்கிறேன். தெப்ராவிலிருந்து பதில் போகும் வழியைத் தீர்மானிப்பது எங்கள் ரூட்டர். அது இன்னும் ஃபைபரையே பிடித்துக்கொண்டிருந்தது. அங்கேயும் முந்நூறு போட்டேன்.

கால் மணி நேரம் அழைப்பே இல்லை. அந்த அமைதியையும் தாங்க முடியாமல் நானே அழைத்தேன்.

"ஓடுது. மெதுவாத்தான் வருது, ஆனா வருது. வையுங்க, கை வேலையா இருக்கேன்."

பிற்பகல் நான்கு மணிக்குள் எல்லாருக்கும் முடிந்தது. ஆனால் எஸ்டேட்டிலிருந்து வந்த ஒரு பெரியவர் வீடு போகும் சாலை அதற்குள் மூழ்கிவிட்டது. காலையில் திரை உறைந்துகொண்டிருந்தபோது முக்கால் மணி நேரம் காத்திருந்தவர் அவர். தாதி அவரைத் தன் வீட்டுக்கு அழைத்துப்போனார். தண்ணீர் வடிய மூன்று நாள் ஆனது. மூன்று நாளும் பெரியவர் சாப்பிட்டாரா, தூங்கினாரா என்று தாதியிடம் கேட்டுக்கொண்டே இருந்தேன்.

நான்காம் நாள் தாதியிடம் சொல்லிவிட்டேன். "நான் போட்ட நம்பராலதான்க்கா அவரு மாட்டிக்கிட்டாரு."

"வெள்ளம் உங்க நம்பரைக் கேட்டா வந்துச்சு?" என்றார். பிறகு சொன்னார்: "ஆனா இனிமே மழை பேஞ்சா காலையிலயே எனக்கு ஒரு போன் போடுங்க. அன்னிக்கு வர்றவங்க விவரத்தைத் தாள்ல எழுதி வெச்சுக்குவேன்."

இப்போது ஃபைபர் திரும்பி வந்தாலும் ரூட்டர் தானாகத் தாவாது. நான் பார்த்து, அவரைக் கேட்டு, பிறகு மாற்றுகிறேன். அப்படியும் நிம்மதி இல்லை. பெர்மாஸ் ஜெயாவில் என் வீட்டுக் கூரையில் தூறல் விழுந்தாலே மடிக்கணினியைத் திறந்துவிடுகிறேன். கணவர் சாப்பிடக் கூப்பிடுகிறார். இதோ வருகிறேன் என்கிறேன், எழுந்திருப்பதில்லை.