பேஸ் டிரம்போன் மாசிலாமணி

1902இல் மாரிகுப்பம் சர்ச்சில் பித்தளை வாத்தியம் ஊதும் ஐந்து பேர் இருந்தார்கள். அவர்களில் அடிக்குரலான பேஸ் டிரம்போன் மாசிலாமணிக்கு. ஊரின் தங்கச் சுரங்கத்தில் செத்தவர்களை அடக்கம் செய்யும்போதெல்லாம் ஊதினார்.

"உங்க குழல் மட்டும் காதுல வுழவே மாட்டேங்குது," என்பாள் மனைவி லூயிசா. அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டுதான் மற்ற நால்வரும் ஊதுகிறார்கள் என்பதை அவளுக்கு எப்படிச் சொல்வது?

பாறை சரிந்து அவர் மகன் செத்தான். பாறைக்கு யார் மகன் என்று தெரியுமா?

"நீங்க ஊத வேணாம்ணா," என்றார்கள் நால்வரும். கேட்காமல் ஊதினார். பாட்டின் இரண்டாம் அடியிலேயே அழுகை மூச்சைப் பிடுங்கிக்கொண்டது. பிடிமானம் போனதும் மற்றவர்களின் சுருதி ஆளுக்கொரு பக்கம் ஓடியது, ஒவ்வொருவராக நிறுத்தினார்கள். பாட்டில்லாமலே மண் விழுந்தது.

லூயிசா குழலையே பார்த்தாள்.

"ஊரான் புள்ளைங்களுக்கெல்லாம் ஊதுனீங்களே," என்றாள்.