பாட்டிலில் கடல்காற்று

ராமநாதபுரத்தில் ஆசிரியையாக இருந்தபோது, அப்போது வெகு தொலைவில் இருந்த இரண்டாயிரமாவது ஆண்டில் நடப்பதாக ஒரு கதை எழுதினேன். ஒரு விஞ்ஞானி காற்றைப் பிடித்து அடைக்கும் இயந்திரம் செய்கிறார். ஒரு முதலாளி அதை வாங்கி, ராமேஸ்வரம் கடற்கரைக்கே வேலி போட்டு, கடல்காற்றைப் பாட்டிலில் அடைத்து விற்கிறான். வாங்க வழியில்லாதவர்கள் மூச்சை அடக்கிக்கொண்டு திரிகிறார்கள். பத்திரிகையில் வந்ததும், என்னோடு அறையில் தங்கியிருந்த டீச்சர் சிநேகிதி படித்துவிட்டு அழுதாள். எனக்குத் தரையில் கால் பாவவில்லை.

அடுத்த வாரம் கீழக்கரையில் சோடா கம்பெனி வைத்திருந்த பாய் ஒருவர், பத்திரிகையும் கையுமாக எங்கள் அறை வாசலில் வந்து நின்றார். தாடி நரைத்திருந்தாலும் முகத்தில் பள்ளிக்கூடப் பிள்ளையின் பரபரப்பு.

"டீச்சரம்மா, இந்தத் தொழிலை நாமளே ஆரம்பிச்சா என்ன?"

"பாய், கடைசியில ஜனங்க அந்த முதலாளியைக் கடல்ல தூக்கிப் போடுறாங்களே, படிச்சீங்களா?"

"அது கெடக்கட்டும். அதுவரைக்கும் ஏவாரம் நல்லாத்தானே நடந்துச்சு?"

ஒருநாள் செய்துதான் பார்ப்போமே என்று தலையாட்டிவிட்டேன். சிநேகிதி தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரிப்பில் குலுங்கினாள்.

ஞாயிற்றுக்கிழமை மூவரும் ராமேஸ்வரத்துக்கு ரயிலேறினோம். கூடவே சோடா மெஷின், இரண்டு பெட்டி காலி கோலி பாட்டில், கேஸுக்குப் பதிலாக மெஷினில் மாட்ட ஒரு சைக்கிள் பம்பு. கடலோரத்தில் பாய் காற்றை அடிக்க அடிக்க, கோலிக்குண்டு பாட்டிலின் கழுத்தில் 'டொக்'கென்று ஏறி உட்கார்ந்தது.

தீர்த்தமாடிவிட்டு ஈரப் புடவையோடு வந்த ஓர் அம்மாள் நின்று பார்த்தார்.

"காத்து இங்கன சும்மாதானே வீசுது?"

"ஊருக்குக் கொண்டு போங்கம்மா. அங்கன வீசுமா?" என்றார் பாய்.

அந்த அம்மாள் ஒன்றை வாங்கினார். ஊருக்குக் கொண்டுபோகும் பொறுமை அவருக்கு இல்லை. அங்கேயே பெருவிரலால் கோலியை அழுத்தினார். 'டப்!' முகத்தில் அடித்த காற்றில் பம்பு ரப்பரும் கருவாடும் மணத்தன. கண்ணை மூடி ஒரு கணம் நின்றவர், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். "இன்னொண்ணு குடுங்க, எங்க வீட்டுக்காரரு மூஞ்சில அடிக்கணும்!"

அவ்வளவுதான். கடற்கரை நெடுக 'டப் டப்'பென்று சத்தம். திரும்பி வந்த பாட்டிலிலேயே மறுபடியும் காற்றை அடைத்தோம். சிநேகிதி வகுப்பறைக் குரலில் "கடல்காத்தேய்!" என்று கூவினாள். முதலாளிகளைத் திட்டிக் கதை எழுதிய நான், புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு பம்பு அடித்தேன்.

உச்சி வெயிலில் வந்தவர்களுக்குத் தாகம். சோடா என்று நினைத்து வாயில் கவிழ்த்த ஒருவர், "எங்கய்யா தண்ணி?" என்று சண்டைக்கு வந்தார். பாய் சளைக்கவில்லை. அவரை உட்காரவைத்து இளநீர் வாங்கிக் கொடுத்தார். அதைப் பார்த்துத் தாகமெடுத்தவர்களெல்லாம் வந்து உட்கார்ந்தார்கள். சம்பாத்தியம் மொத்தமும் இளநீரில் போனது.

"கம்பெனியை மூடியாச்சு," என்றார் பாய், தானும் ஒன்றைக் குடித்தபடி.

திரும்பும் ரயில் பாம்பன் பாலத்தில் ஊர்ந்துகொண்டிருந்தபோது, பெட்டியில் மிச்சமிருந்த ஒரு பாட்டிலைச் சிநேகிதி அழுத்தினாள். எதிரே தூங்கிக்கொண்டிருந்தவர் துள்ளி எழுந்தார்.

"என்னாச்சு? டயர் வெடிச்சிருச்சா?"

மண்டபம் வரும்வரை சிரிப்பில் எங்கள் மூவராலும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவே முடியவில்லை.