உச்சி வழியாகப் பதினாறரை மணி

முடி வெட்டுகிறவர் சீப்பின் முனையை என் இடது நெற்றிப்பொட்டில் வைத்து அழுத்தினார். "இது நம்ம ஏர்போர்ட்டு." வலது பொட்டில் கட்டைவிரல். "இது பொண்ணு இருக்கிற ஊரு. எந்த வழி கிட்ட, சொல்லுங்க சார்?" பின்மண்டையைச் சுற்றி ஒரு கோடு இழுத்தார், உச்சியைத் தாண்டி இன்னொன்று. "மேப்ல பாத்தா உச்சி வழி சுத்து மாதிரி தெரியும். ப்ளேன்காரன் ஏமாறுவானா? தலை உருண்டைன்னு அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்."

தூரம் பதின்மூவாயிரத்து அறுநூறு கிலோமீட்டர். போகப் பதினாறரை மணி, வரப் பதினாலரை. அந்த இரண்டு மணி எங்கே போயிற்று என்று வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் கேட்டேன். "எதிர்க்காத்து சார், இப்படி அடிக்கும்" என்று தண்ணீர் பாட்டிலை என் முகத்துக்கு நேரே பீய்ச்சினார்.

தெருவில் இவருக்குப் பெயர் 'ஆறு மணி'. டிக்கெட்டில் புறப்பாடு காலை பத்து, இறங்குவது அதே நாள் மாலை நாலு என்று இருந்தது. கூட்டிக் கழித்து, "ஆறு மணி நேரம்தானே, கண்ண மூடித் திறக்கிறதுக்குள்ள போயிடும்" என்று வந்த தலைகளுக்கெல்லாம் சொல்லிவிட்டார். அந்த நாலு அந்த ஊர்க் கடிகாரம், அது பத்தரை மணி நேரம் பின்னால் ஓடுகிறது என்று ஒரு வாடிக்கையாளர் சொன்னபோது கத்தரிக்கோல் பாதியில் நின்றதாம். பறப்பதில் இவருக்குப் பயமில்லை. உட்காருவதில்தான்.

முப்பத்துநாலு வருடம் நின்றே வேலை பார்த்த கால். சாப்பிடுவதுகூட நின்றபடிதான். பத்து நிமிடம் உட்கார்ந்தால் குடைய ஆரம்பித்துவிடும். "நின்னுக்கிட்டே தூங்கச் சொல்லுங்க, தூங்குறேன். உக்கார மட்டும் சொல்லாதீங்க."

ஆனால் அங்கே ஒரு தலை காத்திருக்கிறது. பேரனுக்கு இரண்டு வயது, இதுவரை கத்தரிக்கோல் பட்டதில்லை. "அப்பா வந்துதான் முதல் முடி வெட்டணும்" என்று மகள் பிடிவாதமாக இருக்கிறாள். முடி தோளைத் தொட்டுவிட்டது. பயணத்துக்கு இன்னும் ஒன்பது நாள்.

அதனால் தினமும் விடியற்காலையில், வாடிக்கையாளர் நாற்காலியில் இவரே உட்கார்ந்து பழகுகிறார். கடை வைத்த நாளிலிருந்து அதில் உட்கார்ந்ததே இல்லையாம். பெஞ்சில் கடிகாரத்தோடு மனைவி. இதுவரை அதிகபட்சம் ஐம்பது நிமிடம். "வண்டி இன்னும் ரன்வேயத் தாண்டல" என்பது அந்த அம்மாளின் தீர்ப்பு.

இவர் எப்படித்தான் உட்காருகிறார் என்று பார்க்கும் ஆசையில் இன்று காலை ஏழு மணிக்கே போனேன். ஐந்து மணிக்கு ஏறியவர் இன்னும் இறங்கவில்லை. போர்த்தும் வெள்ளைத் துணியால் இடுப்பை நாற்காலியோடு சேர்த்துக் கட்டியிருந்தார். நெற்றியெல்லாம் வியர்வை. கதவுச் சத்தம் கேட்டதும் பழக்கதோஷம், "வாங்க சார்" என்று பாதி எழுந்துவிட்டார். எனக்குச் சங்கடமாகப் போயிற்று.

கண்ணாடியில் சாய்த்து வைத்திருந்த போனில் பேரன். அங்கே இரவு எட்டரை மணி. முகம் முழுக்க முடி. இரண்டு கையாலும் அதைத் திரைபோல விலக்கி எட்டிப் பார்த்து, "தாத்தா!" என்றான்.

"ஆடாம உக்காருங்க" என்றார் மனைவி. முடி வெட்டும்போது இவர் ஊருக்கெல்லாம் சொல்கிற வார்த்தை.

அப்படியே உட்கார்ந்தார். "இப்ப வெட்ட முடியாது சார், பறந்துக்கிட்டிருக்கேன்" என்றார் என்னிடம். பிறகு போனிலிருந்து கண்ணை எடுக்காமல், இடுப்புத் துணியை இழுத்து இன்னொரு முடிச்சுப் போட்டார்.